வளைகோட்டின் வரலாறு: செவ்வியற் பியானோ இசையில் தொடரும் உச்சரிப்பும்

1

பியானோவைப் பற்றிய வியப்புக்களுள் முதன்மையானது, அது பாட முடியாத ஒரு கருவி என்பதேயாகும். விசையை அழுத்தியதும் உட்புறத்தேயுள்ள சுத்தியல் கம்பியைத் தாக்கிவிட்டு உடனே விலகிவிடுகின்றது. தாக்கிய கணத்திற் பிறந்த ஒலி அக்கணமே தேயவும் தொடங்குகின்றது. குரலிசைஞர் தாம் தொடங்கிய சுரத்தை மூச்சினால் வளர்க்கலாம். வயலின் கலைஞர் வில்லின் அழுத்தத்தாலும் வேகத்தாலும் அதனைப் பெருக்கவும் குறுக்கவும் செய்யலாம். பியானோக் கலைஞருக்கு இவ்வாய்ப்பு இல்லை. காலால் மிதிக்கும் பெடலை ஒருபுறம் வைத்து நோக்கின், சுரம் எப்போது தொடங்கவேண்டும், எவ்வளவு வலிமையோடு தொடங்கவேண்டும், எப்போது முடியவேண்டும் என்னும் மூன்று மட்டுமே அவரது ஆட்சிக்கு உட்பட்டவை.

அவ்வாறிருந்தும், பியானோ ஆசிரியர்கள் தலைமுறை தலைமுறையாக மாணவரை நோக்கிப் 'பாடுக' என்றே கூறி வந்துள்ளனர். இது வெறும் உபசார வார்த்தையன்று. தனிச்சுரத்தைப் பாடவைக்க இயலாத கலைஞர் சுரங்களுக்கிடையிலான உறவைப் பாடவைக்கின்றார். முந்திய சுரம் எந்த அளவிற்குத் தேய்ந்துள்ளதோ அந்த அளவை அறிந்து அடுத்த சுரத்தைத் தொடுகின்றார். சில இடங்களில் முந்திய விசையை விடுமுன்னரே அடுத்ததை அழுத்துகின்றார். இடையிலுள்ள வெற்றிடத்தைக் கேட்போனது செவி தானே நிரப்பிக்கொள்கின்றது. எனவே, பியானோவில் நாம் கேட்கும் தொடர்ச்சி ஒரு தோற்றமேயாகும். அத்தோற்றத்தை உண்டாக்குவதும், வேண்டுமிடத்து அதனைக் கலைப்பதுமே அக்கலையின் உயிர்நிலை எனலாம்.

இங்கு இரு சொற்களை விளக்கிக்கொள்ளுதல் நன்று. ஒரே மூச்சிற் சொல்லத்தக்க கருத்தாக அமையும் சுரக்கூட்டத்தை இசைத்தொடர் என்போம். அத்தொடருள் எவ்வெச் சுரங்கள் ஒட்டி நிற்கவேண்டும், எவை விலகி நிற்கவேண்டும், எது அழுந்தவேண்டும், எது தளரவேண்டும் என்பதை உச்சரிப்பு என்போம். உச்சரிப்பு எழுத்தையும் அசையையும் சார்ந்தது. தொடர் வாக்கியத்தைச் சார்ந்தது. எழுத்துக்களைத் திருத்தமாக ஒலிக்கத் தெரிந்த ஒருவர் வாக்கியத்தையும் பொருள்பட வாசித்துவிடுவார் என்பதற்கில்லை.

இவ்விரண்டையும் காட்டுதற்கு மேலைத்தேய இசையெழுத்தில் உள்ள சின்னங்கள் மிகச் சிலவே. ஒட்டி வாசிக்கவேண்டிய சுரங்களின் மேலோ கீழோ ஒரு வளைகோடு இடப்படும். வெட்டி வாசிக்கவேண்டியவற்றிற்குப் புள்ளியோ ஆப்பு வடிவான கீறோ இடப்படும். முன்னையதை லெகாற்றோ என்றும் பின்னையதை ஸ்ரக்காற்றோ என்றும் இத்தாலியப் பெயரால் வழங்குவர். பார்வைக்கு மிக எளிய சின்னங்கள் இவை. ஆயின், ஒரே வளைகோடு வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு பொருளை உணர்த்தி வந்துள்ளது என்பதையும், அவ்வரலாற்றை மறந்தமையால் ஒரு நூற்றாண்டின் இசை மற்றொரு நூற்றாண்டின் குரலிற் பேச நேர்ந்தது என்பதையும் எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் விசைக்கருவி வாசிப்போர்க்கு லெகாற்றோ இயல்பான நிலையாக இருக்கவில்லை. யொஹான் செபஸ்தியான் பாக்கின் மகனான கார்ல் பிலிப் இமானுவேல் பாக் 1753இல் வெளியிட்ட நூலில், ஒட்டவும் வெட்டவும் நீட்டவும் குறிக்கப்படாத சுரங்களை அவற்றின் கால அளவிற் பாதிக்கு மட்டுமே பிடித்திருக்கவேண்டும் என்கின்றார். அஃதாவது, குறியீடு எதுவும் இல்லாதவிடத்துச் சுரங்களுக்கிடையே காற்று நுழைய இடமிருந்தது. அந்நிலையில் வளைகோடு என்பது பொதுவிதி அன்று. பொதுவிதிக்குப் புறநடையாக வரும் ஒரு சிறப்புக் கட்டளை.

அக்கட்டளையின் பொருளை 1756இல் வெளிவந்த லெயோபோல்ட் மோசாட்டின் வயலின் நூல் தெளிவாக்குகின்றது. வளைகோட்டினுள் வரும் முதற்சுரம் சற்று அழுந்த ஒலிக்கவேண்டும். ஏனையவை அதனோடு ஒட்டி மென்மையாகத் தேயவேண்டும். வயலின் வில்லை ஒருமுறை இழுக்கும் இழுப்பே அவ்வளைகோடு. தந்தையின் இந்நூல் வெளிவந்த ஆண்டிற் பிறந்த வொல்ப்காங் மோசாட்டின் பியானோ ஆக்கங்களில் வளைகோடுகள் பெரும்பாலும் குறுகியனவாக இருப்பதன் காரணம் இதனால் விளங்கும். இரண்டு சுரம், மூன்று சுரம், மிஞ்சினால் ஒரு தாளப்பகுதி என்ற அளவிலேயே அவை முடிந்துவிடுகின்றன. அவர் காட்டியது வாக்கியத்தை அன்று, அசைகளையும் சொற்களையுமே.

வாக்கியத்தைப் பற்றி அக்காலத்தவர் சிந்திக்கவில்லை என்பது இதன் பொருளன்று. டானியல் கொட்லொப் டூர்க் 1789இல் எழுதிய விசைக்கருவிப் பயிற்சி நூலில் இசைத்தொடரை மொழியின் நிறுத்தற்குறிகளோடு ஒப்பிட்டு விரிவாக ஆராய்கின்றார். அவர் காட்டும் ஓர் எடுத்துக்காட்டில், காற்புள்ளி ஒரு சொல் முன்பின்னாக மாறியதும் ஒருவன் தன் உயிரையே இழந்தானா, அன்றி உடைமையை மட்டும் இழந்தானா என்பதே மாறிப்போகின்றது. சொற்பிரிப்பும் நிறுத்தற்குறியும் இல்லாத ஏட்டுச்சுவடி மரபினூடாக வந்த பாடல்களைப் பயிலும் நமக்கு இவ்வொப்புமையை விளக்கவேண்டியதில்லை. பிரிக்கும் இடம் மாறினாற் பொருள் மாறும் என்பதை உரைகளை ஒப்புநோக்கிய எந்த மாணவரும் அறிவர்.

கருவியின் இயல்பும் இந்நோக்கிற்குத் துணைநின்றது. மோசாட் வியன்னாவிற் பயன்படுத்திய அன்டன் வால்ட்டரின் பியானோ ஐந்து எட்டுநிலை வீச்சினை உடையது, மரச்சட்டத்தினாலானது, அதன் சிறிய சுத்தியல்கள் தோலால் உறையிடப்பட்டவை. அதில் ஒலி தெளிவாகத் தொடங்கி விரைவிற் தேய்ந்துவிடும். விசையை விட்டதும் ஒலி அறுபடும். பேச்சின் மெய்யெழுத்துக்களைப் போன்று சுரங்களின் தொடக்கங்களைத் துலக்குதற்கு அது ஏற்ற கருவி. 1777ஆம் ஆண்டு ஒக்டோபரில் தந்தைக்கு எழுதிய கடிதமொன்றில் ஸ்டைன் என்பார் செய்த பியானோக்களை மோசாட் மெச்சியபோது, விரலை எடுத்தவுடன் ஒலி நின்றுவிடும் சிறப்பையே விதந்து கூறினார். சுரம் முடிவதிலும் அவருக்கு இருந்த கருத்து ஈண்டு நோக்கற்பாலது.

3

பத்தொன்பதாம் நூற்றாண்டு பிறந்தபோது நிலைமை தலைகீழாகியது. 1801இல் இலண்டனில் வெளிவந்த முஸியோ கிளெமென்ரியின் பயிற்சி நூல், குறியீடு இல்லாதவிடத்து லெகாற்றோவையே பெரிதும் பின்பற்றவேண்டும் என விதிக்கின்றது. அரை நூற்றாண்டுக்கு முன் சிறப்பாக இருந்தது இப்போது பொதுவாயிற்று. மோசாட்டின் வாசிப்பு நேர்த்தியானதாயினும் வெட்டுண்டதாகவும் லெகாற்றோ அற்றதாகவும் இருந்தது எனப் பீத்தோவன் கூறியதாக அவருடைய மாணவர் கார்ல் செர்னி பதிவுசெய்துள்ளார். இதனை மோசாட்டின் குறைபாட்டுக்குச் சான்றாகக் கொள்வது பொருந்தாது. ஒரு காலத்தின் செவி இன்னொரு காலத்தின் வாசிப்பை எவ்வாறு கேட்டது என்பதற்கே அது சான்றாகும்.

இம்மாற்றத்தைத் தனிப்பட்ட கலைஞரின் சுவை மாற்றமாக மட்டும் காண்பது போதாது. பிரபுக்களின் வரவேற்பறையில் இருந்து கட்டணம் செலுத்தி வரும் நடுத்தர வர்க்கத்தாரின் பெரிய மண்டபத்துக்கு இசை இடம்பெயர்ந்தது. பெரிய மண்டபம் பெரிய ஒலியை வேண்டியது. பெரிய ஒலி இறுக்கமான தடித்த கம்பிகளை வேண்டியது. அவற்றின் இழுவிசையைத் தாங்க மரச்சட்டம் போதாமையால் இரும்புச் சட்டம் புகுந்தது. ஒரே வார்ப்பிலான இரும்புச் சட்டத்துக்கு 1825இல் அமெரிக்காவில் உரிமம் பெறப்பட்டது. தோலுறைக்குப் பதிலாகக் கம்பளிப் பொதியுறை வந்தது. புதிய கருவியில் ஒலி நீண்டுநின்றது. ஆனால் அதன் தொடக்கம் முன்போற் கூர்மையாக இருக்கவில்லை. பேசுவதற்கேற்ற கருவி பாடுவதற்கேற்ற கருவியாக மாறியது எனச் சுருங்கக் கூறலாம்.

இப்புதிய நிலையில் வளைகோடும் புதுப்பொருள் பெற்றது. 1831 முதல் பாரிசில் வாழ்ந்த சோப்பின் இத்தாலியப் பாடகர்களைக் கேட்டுப் பழகுமாறு தம் மாணவருக்கு அறிவுறுத்தினார். மணிக்கட்டின் அசைவைப் பாடகரின் மூச்சோடு ஒப்பிட்டார். அவருடைய நீண்ட வளைகோடுகள் அத்தகைய மூச்சுக்களே. அவை அசைகளை அன்றி வாக்கியத்தையே தழுவிச் செல்கின்றன. இங்கு நீண்ட வளைகோடு ஆசிரியர் தாமே இட்டது. அவருடைய இசைக்கு உரியது.

சிக்கல் தோன்றியது இதன் பின்னரே. சோப்பினுக்குப் பொருந்திய கோட்டை மோசாட்டின் மீதும் பதிப்பாசிரியர்கள் இட முற்பட்டனர். மோசாட்டின் குறுங்கோடுகளைக் கவனக்குறைவின் விளைவென்றோ முதிர்ச்சியுறாத எழுத்துமுறையென்றோ கருதியவர்கள், அவற்றை நீக்கிவிட்டு நான்கு தாளப்பகுதிகளைத் தழுவும் நெடுங்கோடுகளை வரைந்தனர். 1880களில் ஹியூகோ றீமன் வெளியிட்ட 'தொடரமைப்புப் பதிப்புக்கள்' இப்போக்கின் உச்சம் எனலாம். றீமன் ஆழ்ந்த அறிஞர்; தம் நோக்கத்தை அவர் மறைக்கவுமில்லை. ஆயினும் மூலத்தின் கோடுகள் இருந்த இடத்திலேயே அவருடைய கோடுகள் வந்து அமர்ந்தன. 1925இல் ஹைன்றிக் ஷெங்கர் தொடர்க்கோட்டை அகற்றுமாறு தலைப்பிலேயே முழங்கி ஒரு கட்டுரை எழுதியது இதற்கு எதிரான கண்டனமாகும்.

இது ஏட்டுப் பிரச்சினை மட்டுமன்று. இக்கட்டுரையாளர் சிறுவயதிற் பயின்ற நூல், அட்டை கிழிந்து பல கைமாறி வந்த ஒரு பழைய பதிப்பு. மோசாட்டின் ஏ மேஜர் சொனாற்றாவின் (கோஷல் பட்டியலில் 331) தொடக்கத்தின் மேல் அதில் நீண்டதொரு வளைகோடு இருந்தது. அக்கோடு முடியும்வரை கையைத் தூக்கலாகாது என்பது பாடம். ஆண்டுகள் சில அதனை அவ்வாறே பயின்று, ஒழுகுநீர்போல் வாசித்துப் பாராட்டும் பெற்றபின், மூலங்களை ஆதாரமாகக் கொண்ட பதிப்பொன்றைப் பார்க்க நேர்ந்தது. அங்கே சிறு சிறு கோடுகளே இருந்தன. அவ்வளவு காலமும் மோசாட் என எண்ணிக் கீழ்ப்படிந்தது பெயர் குறிக்கப்படாத ஒரு பதிப்பாசிரியருக்கே என்பதை அன்றுதான் உணர முடிந்தது. ஆசிரியர்மீது குற்றம் இல்லை. அவரும் அந்நூலையே நம்பியிருந்தார். மூலம் எது, உரை எது எனப் பிரித்துக் காட்டாத பதிப்பு எத்தனை தலைமுறைகளின் கைகளைப் பழக்கிவிடுகின்றது என்பதே சிந்தனைக்குரியது.

4

குறுங்கோட்டுக்கும் நெடுங்கோட்டுக்கும் இடையிலான வேறுபாடு உண்மையில் அத்துணைப் பெரிதா என வினவலாம். பீத்தோவனின் இரு சொனாற்றாக்கள் இதற்கு விடை தருகின்றன.

1802இல் இயற்றப்பட்டதும் பின்னர் 'புயல்' எனப் பெயர் பெற்றதுமான டி மைனர் சொனாற்றா, மெதுவாக விரியும் ஒரு சுரக்கோவையோடு தொடங்குகின்றது. உடனே வேகம் மாறி, இறங்கிவரும் குறுஞ்சுரங்கள் இரண்டிரண்டாக வளைகோட்டினாற் பிணைக்கப்பட்டு வருகின்றன. ஒவ்வோர் இணையிலும் முதற்சுரம் அழுந்த, இரண்டாவது தளர வாசிக்கும்போது, மூச்சுத் திணறி ஓடிவரும் ஒருவரின் பேச்சு நம் செவியில் விழுகின்றது. அதே சுரங்களை ஒரே நெடுங்கோட்டின்கீழ் ஒட்டி வாசித்துப் பார்க்கலாம். சுரம் ஒன்றேனும் மாறவில்லை, தாளம் மாறவில்லை, வேகம் மாறவில்லை. ஆயினும் அச்சம் மறைந்து, இறங்குவரிசைப் பயிற்சியொன்றே எஞ்சுகின்றது. லெகாற்றோவைப் போற்றிய பீத்தோவனே வேண்டுமிடத்து முந்திய நூற்றாண்டின் குறுங்கோட்டை அதன் பழைய பொருளில் ஆண்டுள்ளார் என்பதும் இங்கு கவனிக்கத்தக்கது.

மற்றையது, 1809ஆம் ஆண்டு மே மாதம் 4ஆம் திகதி பிரெஞ்சுப் படைகளுக்கு அஞ்சி வியன்னாவை விட்டகன்ற இளவரசர் றுடோல்ப்பின் பிரிவையொட்டி எழுந்த சொனாற்றா. அதன் முதல் மூன்று சுரங்களின் மேல், விடைகொடுக்கும் ஜேர்மன் சொல்லொன்றின் மூன்று அசைகளையும் பீத்தோவன் எழுதியுள்ளார். பாடுவோர் எவரும் இல்லாத இசையில் இச்சொல் எதற்கு? அம்மூன்று சுரங்களும் மூன்று ஒலிகள் அல்ல, ஒரு சொல் என உணர்த்துதற்கே எனலாம். பதிப்பாளர் அச்சொல்லைப் பிரெஞ்சு மொழிக்கு மாற்றித் தலைப்பிட்டபோது பீத்தோவன் சினந்தார். ஜேர்மன் சொல் நெஞ்சார ஒருவருக்கு மட்டுமே கூறுவது, பிரெஞ்சுச் சொல் ஒரு பெருங்கூட்டத்தை நோக்கிக் கூறுவது என்பது அவருடைய முறைப்பாடு. அச்சுரங்களை வாசிப்பவர் ஒருவரை நோக்கிப் பேசுகின்றாரா, மண்டபத்தை நோக்கிப் பேசுகின்றாரா என்பதை உச்சரிப்பே காட்டிவிடும்.

5

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து மூலபாட ஆய்வு இத்துறையிற் பெரும் பணி ஆற்றியுள்ளது. மோசாட்டின் புள்ளிக்கும் கீறுக்கும் ஆப்புக்கும் பொருள் வேறுபாடு உண்டா என்ற ஒரே வினாவை ஆராயும் ஐந்து கட்டுரைகள் 1957இல் ஒரு நூலாகவே வெளிவந்தன. புதிய மோசாட் பதிப்பின் வரிசையில் பியானோ சொனாற்றாக்கள் 1986இல் வெளியாகின. அதன் பின்னரும் தேடல் ஓயவில்லை. 2014இல் புடாபெஸ்ற் தேசிய நூலகத்தில் பாலாஸ் மிக்குஷி என்னும் ஆய்வாளர், மேற்கூறிய ஏ மேஜர் சொனாற்றாவின் நான்கு பக்கங்களை மோசாட்டின் கையெழுத்திலேயே கண்டெடுத்தார். 1784இல் வியன்னாவில் அச்சான முதற்பதிப்பிலிருந்து அது சில சுரங்களிலும் உச்சரிப்புக் குறிகளிலும் வேறுபடுகின்றது. உலகெங்கும் குழந்தைகள் பயிலும் ஓர் ஆக்கத்தின் பாடம் இரு நூற்றாண்டுகளின் பின்னும் முடிவுறவில்லை.

எனினும், மூலத்தை மீட்டதோடு வாசிப்பும் மீட்கப்பட்டுவிட்டது எனக் கொள்வதற்கில்லை. இன்று சிலர் குறுங்கோடு முடியுந்தோறும் கையைத் தூக்குகின்றனர். விளைவு, விக்கல் எடுத்தவர் செய்யுள் வாசித்ததுபோல் ஆகிவிடுகின்றது. தாளப்பகுதியின் எல்லைக்கோட்டோடு வளைகோட்டையும் முடித்துவிடுவது பல இடங்களில் அக்கால எழுத்து வழக்கமேயன்றிக் கருத்து முடிவின் அடையாளமன்று. ஆகவே, கோடு முடியும் இடம் சொல் முடியும் இடமா, வாக்கியம் முடியும் இடமா என்பதைக் கோடு மட்டும் கூறாது. ஒத்திசைவின் போக்கைக் கேட்டே அதனைத் துணியவேண்டும். ஒவ்வாத சுரம் ஒன்று ஒத்த சுரத்தில் வந்து அடங்குமாயின், அவ்விரண்டும் கோடு இல்லாவிடினும் ஒட்டியே நிற்கவேண்டும்; அடங்கும் சுரம் மென்மையாகவே ஒலிக்கவேண்டும். இலக்கணம் இங்கே கோட்டுக்கு முற்பட்டது.

இவ்விடத்திற் கனேடியக் கலைஞரான கிளென் கூல்ட்டைக் (1932-1982) குறிப்பிடாமல் இருக்கமுடியாது. அவர் பதிவுசெய்த ஏ மேஜர் சொனாற்றாவின் முதல் இயக்கம் இரசிகர் பலரைத் திடுக்கிட வைத்தது. தொடக்கத்தை மிக மெதுவாகவும் சுரங்களைத் தனித்தனியே பிரித்தும் வாசித்து, அதனைத் தொடரும் மாறுபாடுகளில் வேகத்தைப் படிப்படியாகக் கூட்டிச் செல்கின்றார். ஐந்தாம் மாறுபாட்டுக்கு மோசாட் இட்ட மெதுநடைக் கட்டளையையும் அவர் பொருட்படுத்தவில்லை. இதனை நான் நல்ல வாசிப்பு எனக் கூறேன். பேச்சு இயல்பாகச் சேரும் இடத்திலும் அவர் பிரித்துவைக்கின்றார்; அதனால் அசைகள் துலங்கினும் சொல் சிதறுகின்றது. ஆனால், பழகிப்போன இனிமையில் எவரும் கேளாமல் விட்ட ஒரு பாடலை ஒவ்வொரு சுரமாகக் கேட்கும்படி அவர் நம்மைக் கட்டாயப்படுத்துகின்றார். இன்னொன்று: அவர் மூலத்தோடு முரண்படுகின்றாரேயன்றி அதனை மறைக்கவில்லை. அச்சுப் பிரதியைத் திறந்து பார்க்கும் எவருக்கும் மோசாட் கூறியது எது, கூல்ட் கூறுவது எது என்பது தெளிவாகும். பெயரில்லாப் பதிப்பாசிரியரின் நெடுங்கோட்டைவிட இம்முரண்பாடு நேர்மையானது.

இவ்வகையிற் பதிப்பாசிரியருக்கு முன்மாதிரியாகக் கொள்ளத்தக்கவர் ஆர்தர் ஷ்னாபெல். 1920களில் அவர் பதிப்பித்த பீத்தோவன் சொனாற்றாக்களில் குறிப்புக்கள் மலிந்துள்ளன. இசைத்தொடர்களின் நீளத்தைக் கூட எண்களால் அளந்து காட்டியுள்ளார். ஆயின், தாம் சேர்த்தவற்றைச் சிறிய எழுத்தில் அச்சிட்டு மூலத்தினின்றும் வேறுபடுத்தினார். உரை எவ்வளவும் விரியலாம். அது உரை என்று தெரிந்தாற் போதும். கலைஞருக்கு முன்மாதிரியாக, 1980களில் மோசாட் காலக் கருவியின் பிரதியில் அவருடைய கொன்சேர்ட்டோக்களைப் பதிவுசெய்த மல்கம் பில்சனைக் கூறலாம். அங்கே குறுங்கோடுகள் விக்கலாக ஒலிப்பதில்லை. கோட்டின் முடிவில் ஒலி தேய்கின்றது. கருத்தோ அடுத்த கோட்டை நோக்கி நகர்கின்றது. அசையும் வாக்கியமும் ஒன்றையொன்று கெடுக்காமல் வாழ்தல் கூடும் என்பதற்கு அவ்வாசிப்பே சான்று.

6

தொகுத்து நோக்குமிடத்து, வளைகோடு ஒரு கட்டளையன்று, ஒரு சான்று. யார் இட்டது, எக்காலத்தில் இட்டது, எக்கருவிக்கு இட்டது என்னும் வினாக்களை எழுப்பாமல் அதற்குக் கீழ்ப்படிவது பணிவு ஆகாது. அவ்வினாக்களுக்கு விடை கண்டதோடு நின்றுவிடுவதும் கலை ஆகாது. விடைகளைச் செவியிற் சோதித்து, இவ்விடத்தில் இச்சுரம் இவ்வாறு முடியவேண்டும் எனத் தாமே பொறுப்பேற்றுத் துணிபவரே வாசிப்பவர். சுரத்தைத் தொடங்குவதற்கு விரல் போதும். முடிப்பதற்குக் கருத்து வேண்டும்.

தொடரைப் பிழையாகப் பிரித்து வாசிக்கும் மாணவரைக் கேட்கும்போது, தமக்குத் தெரியாத மொழியில் ஒரு சொற்பொழிவை வருந்தி மனனம் செய்து, அசைகளின் அளவறியாமலும் சொல்லின் நடுவே நிறுத்தியும் ஒப்பிப்பவரைக் கேட்பது போன்றிருக்கின்றது என்று சோப்பின் கூறுவாராம். அவருடைய மாணவர் மிக்குலி இதனைப் பதிவுசெய்துள்ளார். இசை மாணவருக்குக் கூறப்பட்ட இவ்வாசகம் இலக்கிய மாணவராகிய நம்மையும் நோக்கியதே. பிறர் பிரித்துவைத்த இடத்திற் பிரித்து, பிறர் நிறுத்திய இடத்தில் நிறுத்தி, பரீட்சை மண்டபத்தில் ஒப்பித்துவிட்டு வெளியேறுவது எளிது. பிரிக்கும் இடத்தைத் தாமே தேடிக் கண்டடைவோருக்கே பாடலும் சொனாற்றாவும் தம் பொருளைத் திறந்துகாட்டும்.